எடையையும் தாய்ப்பாலையும் ஒரே குழுவில் பேசலாமா?

4 ஜூலை 2024, காலை: ஒரு வாசகியின் கேள்வி

தலைப்பிரசவம் முடிந்து எனக்கு மூன்று மாதம் ஆகிறது. கர்ப்ப காலத்தில் 14 கிலோ கூடினேன். அதில் 9 கிலோ இன்னும் உடம்பிலேயே இருக்கிறது. நான் சேர்ந்திருக்கும் இளம் தாய்மார் குழுவில் இரண்டு பேச்சுதான் நடக்கிறது: யாருக்கு எவ்வளவு எடை குறைந்தது, யாருக்குப் பால் பற்றவில்லை. இரவுச் சாப்பாட்டை விட்டுப் பார்த்தேன். பத்தே நாளில் குழந்தை ஓயாமல் சிணுங்கத் தொடங்கிவிட்டது. பால் கொடுக்கும் தாய்மாருக்கு நடுவில் எடைப் பேச்சே வரக்கூடாது, இரண்டுக்கும் தனித்தனிக் குழு வேண்டும் என்று முடிவுக்கு வந்திருக்கிறேன். சரிதானா?

4 ஜூலை 2024, இரவு

முற்றிலும் சரி. கரூர் மாவட்டத்தில் எங்கள் கிராமத்துத் துணை சுகாதார நிலையத்துக்குப் புதன்கிழமைதோறும் தடுப்பூசிக்கு வரும் தாய்மார் ஏழெட்டுப் பேர், ஊசி போட்டு முடிந்ததும் வேப்பமரத்தடித் திண்ணையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசிவிட்டுப் போவது இரண்டு ஆண்டாக நடக்கிறது. என் மகளுக்கு இப்போது மூன்று வயது. அவளுக்குப் பால் கொடுக்க நான் பட்ட பாட்டை இன்னொருத்தி படக்கூடாது என்பதற்காக நானும் அங்கே போய் உட்காருகிறேன்.

சென்ற ஆண்டு டிசம்பரில், ஊக்கமாக இருக்குமே என்று எண்ணி, ஒரு நோட்டில் கட்டம் போட்டு, ஒவ்வொருவர் பெயருக்கும் நேரே வாராவாரம் எடையை எழுதத் தொடங்கினோம். யோசனை என்னுடையது. நான்காவது வாரம் ஒரு பெண் வரவில்லை. ஐந்தாவது வாரமும் வரவில்லை. வீட்டுக்குப் போய்ப் பார்த்தபோது, இரண்டரை மாதக் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, காலையில் ஒரு டம்ளர் கொள்ளுக் கஞ்சியும் மதியம் இரண்டு கரண்டிச் சோறும் தவிர வேறெதுவும் சாப்பிடுவதில்லை என்று சொல்லி அழுதாள். எழுந்து நின்றால் அவளுக்குக் கண் இருட்டியது. நோட்டில் அவள் பெயருக்கு நேரே முதல் வாரம் 78 என்றும் மூன்றாவது வாரம் 78.5 என்றும் என் கையெழுத்தில் எழுதியிருந்தது. அந்த நோட்டை அன்றோடு நிறுத்தினோம். ஆகவே எடையைக் குறைக்கப் பேசினால் பால் குறையும் என்பதை நான் கண்ணால் பார்த்தே சொல்கிறேன்.

5 ஜூலை 2024

நேற்று என் கதையைச் சொன்னேனே தவிர, உங்கள் குழந்தையைப் பற்றிக் கேட்காமல் விட்டுவிட்டேன். சிணுங்கலை வைத்துப் பால் பற்றவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். ஒரு நாளைக்கு எத்தனை முறை சிறுநீர் கழிக்கிறது என்று எண்ணுங்கள். தண்ணீரோ வேறெதுவுமோ கொடுக்காமல் தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தை, பிறந்து ஒரு வாரம் ஆன பிறகு, ஒரு நாளைக்கு ஆறு முறைக்குக் குறையாமல் போனால் பால் இறங்குகிறது என்று பொருள். முதல் சில மாதங்களில் மாதம் அரைக் கிலோவுக்குக் குறையாமல் எடை ஏறினால் கவலைப்பட ஒன்றுமில்லை. தாய் சேய் நல அட்டையில் உள்ள வளர்ச்சிக் கோட்டைச் செவிலியரிடம் காட்டிக் கேளுங்கள். இரவுச் சாப்பாட்டை இன்றே திரும்பத் தொடங்குங்கள். பால் கொடுப்பவளுக்கு முதல் ஆறு மாதம் வழக்கத்தைவிட நாளொன்றுக்கு 600 கலோரி கூடுதலாக வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்கு.

8 ஜூலை 2024

"மருத்துவர் இருக்கிறார், செவிலியர் இருக்கிறார், பிறகு எதற்கு அக்கம்பக்கத்துப் பெண்களின் யோசனை?" என்று உங்கள் கணவர் கேட்பதாக மறுமொழியில் எழுதியிருந்தீர்கள். அதற்கு என்னிடம் இருக்கும் பதில் 2021இல் என் வீட்டில் நடந்ததுதான்.

எனக்கு அறுவைப் பிரசவம். முதல் நாள் முழுவதும் குழந்தையை என்னிடம் கொண்டுவரவில்லை. இரண்டாம் நாள், "உங்களுக்கு இன்னும் பால் வரவில்லை" என்று சொல்லிப் புட்டியில் பால் பவுடரைக் கரைத்துக் கொடுத்தார்கள். முதலில் ஊறும் சீம்பால் சில சொட்டுகளாகத்தான் வரும், பிறந்த குழந்தையின் இரைப்பைக்கு அந்தச் சொட்டுகளே போதும் என்று சொல்ல அங்கே ஒருவரும் இல்லை. வீடு திரும்பும்போது ஒரு பவுடர் டப்பாவையும் கையில் கொடுத்து அனுப்பினார்கள். தாய்மாருக்கு இப்படி இலவசமாக டப்பா கொடுப்பதை இந்தியச் சட்டம் 1992இலேயே தடை செய்துவிட்டது என்பது எனக்கு வெகு நாள் கழித்தே தெரிந்தது.

வீட்டுக்கு வந்த அன்று இரவு மார்பு இரண்டும் பால் கட்டிக் கல்லாக இறுகிவிட்டன. புட்டிக்குப் பழகிய குழந்தை என் மார்பில் வாயை வைத்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு வீறிட்டாள். தையல் போட்ட வயிற்றின்மேல் அவளைக் கிடத்தவும் முடியவில்லை. அம்மா டப்பாவைத் திறக்கப் போனபோதுதான் அழுகைச் சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு அக்கா வந்தார். அவர் பத்தாம் வகுப்பு வரை படித்தவர்; இரண்டு பிள்ளைகளுக்கும் இரண்டு வயது வரை பால் கொடுத்தவர். வந்தவுடன் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. வெந்நீரில் துணியை நனைத்து ஒற்றடம் கொடுத்து, கொஞ்சம் பாலை விரலால் பீய்ச்சி எடுத்து மார்பை இளக்கினார். ஒரு தலையணையை என் இடுப்போரம் வைத்து, குழந்தையின் உடம்பு என் கைக்கு அடியில் வரும்படியும் கால்கள் என் முதுகுப் பக்கம் நீளும்படியும் கிடத்தினார். தையலை எதுவும் தொடவில்லை. குழந்தையின் மேலுதட்டில் காம்பைத் தடவி, அவள் வாயை அகலத் திறக்கும்வரை பொறுத்திருந்து, முதுகைத் தாங்கி ஒரே அணைப்பாக அணைத்தார். அவள் தாடை என் மார்பில் பதிந்தது. கீழுதடு வெளிப்பக்கமாக மடிந்தது. சிறிது நேரத்தில் 'க்ளக், க்ளக்' என்று விழுங்கும் சத்தம் கேட்டது. "இறைக்கிற கிணறுதானே ஊறும்? டப்பாவைக் கொடுத்தால் உன் மார்பு ஊறவே மறந்துவிடும்" என்றார். மறுநாள் விடியற்காலையிலும் வந்தார். தொடர்ந்து ஆறு நாள் வந்தார்.

மருத்துவரிடம் இந்த அறிவு இல்லை என்று நான் சொல்லவில்லை. இரவு இரண்டரை மணிக்கு என் கட்டிலோரம் வந்து உட்கார அவரால் முடியாது, அவ்வளவுதான்.

11 ஜூலை 2024

நேற்றுத் திண்ணையில் நடந்ததை எழுதாமல் இருக்க முடியவில்லை. உங்கள் கேள்வியை அங்கே சொல்லி, எடைக்குத் தனிக் குழு வைத்துவிடலாம் என்று இருக்கிறேன் என்றேன். மூன்றரை மாத ஊசிக்கு வந்திருந்த ஒருத்தி, "அங்கே யார் வருவார்கள், அக்கா?" என்று கேட்டாள். கர்ப்பத்தில் அவளுக்குச் சர்க்கரை இருந்தது. பிரசவத்துக்குப் பிறகு ஆறாவது வாரம் சோதித்தபோது அளவு சரியாகிவிட்டது. ஆனால் எடையைக் குறைக்காவிட்டால் சில ஆண்டுகளில் நிலையான சர்க்கரை நோயாகத் திரும்பி வரலாம் என்று மருத்துவர் எச்சரித்திருக்கிறார். வீட்டிலோ, பால் கொடுக்கிறவள் நடக்கக் கூடாது என்று வாசற்படியைத் தாண்ட விடுவதில்லை. "ஊசி போடுகிற நாள் என்று சொல்லித்தான் இங்கே வருகிறேன். எடைக்கென்று தனியாக ஒரு கூட்டம் வைத்தால் என்னை யார் அனுப்புவார்கள்?" என்றாள்.

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. நான்காம் தேதி அவ்வளவு உறுதியாக எழுதியதைப் பற்றி இப்போது எனக்கே ஐயம் வந்துவிட்டது.

12 ஜூலை 2024

திருத்தம். "எடையைக் குறைக்கப் பேசினால் பால் குறையும்" என்று நான்காம் தேதி எழுதியது தவறு. அமெரிக்காவின் வடக்கு கரோலினாவில் நடந்து 2000ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வின் முடிவை நேற்றிரவு மறுபடி படித்தேன். எடை கூடிய, தாய்ப்பால் மட்டுமே கொடுத்துவந்த 40 தாய்மாரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குப் பிரசவமாகி நான்கு வாரம் ஆனதிலிருந்து பத்து வாரத்துக்கு, உணவில் நாளொன்றுக்கு 500 கலோரி குறைத்து, வாரம் நான்கு நாள் முக்கால் மணி நேரம் உடற்பயிற்சியும் கொடுத்தார்கள். வாரத்துக்கு ஏறக்குறைய அரைக் கிலோ வீதம் அவர்களுக்கு எடை குறைந்தது. அவர்களுடைய குழந்தைகளின் வளர்ச்சி மற்ற பிரிவினரின் குழந்தைகளுடைய வளர்ச்சியைப் போலவே இருந்தது.

அப்படியானால் எங்கள் திண்ணைக்கு வந்த அந்தப் பெண்ணுக்குக் கண் இருட்டியது ஏன்? அவள் பட்டினி கிடந்தாள். பால் உண்மையிலேயே குறைந்ததா என்றுகூட எனக்குத் தெரியாது. அன்று அவளுடைய குழந்தையை நாங்கள் நிறுத்துப் பார்க்கவில்லை. அவள் குன்றிப்போயிருந்ததைப் பார்த்து, நானாகவே பாலும் குறைந்திருக்கும் என்று முடிவு கட்டிவிட்டேன். சிணுங்கலை வைத்து முடிவு கட்டாதீர்கள் என்று உங்களுக்குச் சொன்ன நானே அதைச் செய்திருக்கிறேன்.

இரவுச் சாப்பாட்டை நிறுத்த வேண்டாம் என்ற யோசனையில் மாற்றமில்லை. ஒரு வேளையை அடியோடு விடுவதும், மூன்று வேளையும் உண்டுகொண்டே நெய்யையும் இனிப்பையும் வெள்ளைச் சோற்றின் அளவையும் குறைப்பதும் ஒன்றல்ல.

17 ஜூலை 2024

இப்போது நான் எதிர்ப்பக்கம் வந்துவிட்டேன். எடையையும் பாலையும் பிரித்துவைத்தால் இழப்பு யாருக்கு என்று யோசித்துப் பார்த்தேன். 2019க்கும் 2021க்கும் இடையில் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் குழந்தை பெறும் வயதுப் பெண்களில் ஏறக்குறைய நூற்றுக்கு 40 பேர் அளவுக்கு மீறிய எடை உடையவர்கள். பிரசவங்களில் நூற்றுக்கு 45 அறுவைப் பிரசவங்கள். எடை கூடிய தாய்க்கும் அறுவை செய்துகொண்ட தாய்க்கும் பால் பெருகி இறங்கச் சற்றுத் தாமதமாகும். மூன்றாம் நாளில் வர வேண்டியது நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ வரும். வீட்டார் பொறுமை இழப்பது சரியாக அந்த மூன்றாம் நாளில்தான். "பால் பத்தலை" என்ற தீர்ப்பும் அன்றே எழுதப்படுகிறது, டப்பாவும் அன்றே வாங்கப்படுகிறது.

ஆக, பருத்த உடம்புள்ள பெண்ணுக்குத்தான் பால் கொடுக்கத் தோழியின் துணை மிகுதியாகத் தேவைப்படுகிறது. கனத்த மார்பைக் கீழிருந்து எப்படித் தாங்குவது, குழந்தையின் மூக்கு அழுந்தாமல் எப்படிப் பிடிப்பது என்பதையெல்லாம் அதே உடம்புவாகுள்ள இன்னொருத்தியால்தான் கூச்சமில்லாமல் செய்து காட்ட முடியும். இங்கே உன் உடம்பைப் பற்றிப் பேசக்கூடாது என்று ஒரு விதி வைத்தால், அவள் தன் உண்மையான இடரைச் சொல்ல வாயே திறக்க மாட்டாள். அதோடு, கர்ப்பத்தில் சர்க்கரை வந்த தாய் நீண்ட காலம் பால் கொடுத்தால் பிற்பாடு அவளுக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு குறைகிறது. அவள் உடம்பில் பாலும் எடையும் சர்க்கரையும் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்க, பேசுவதற்கு மட்டும் எப்படிப் பிரிப்பது?

18 ஜூலை 2024

நேற்றைய குறிப்பைப் படித்து, "பால் கொடுத்தால் எடை தானாக இறங்கிவிடும் என்கிறீர்களா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. சிலருக்கு இறங்குகிறது, சிலருக்குப் பால் கொடுக்கும்வரை இறங்காமல் அப்படியே நிற்கிறது. அந்த வாக்குறுதியை நம்பி ஏமாந்தவர்கள் எங்கள் திண்ணையிலேயே மூன்று பேர் இருக்கிறார்கள். எடை குறையவில்லையே என்று பாலை நிறுத்த முனைந்த ஒருத்தியையும் பார்த்திருக்கிறேன். அந்த வாக்குறுதியைச் சொல்லி எந்தத் தாயையும் பால் கொடுக்க வைக்கக் கூடாது.

25 ஜூலை 2024

அத்தைமாரையும் அம்மாமாரையும் பற்றிப் பேசாமல் இதில் ஓர் அடிகூட நகர முடியாது. பத்தியம் என்ற பெயரில் நடப்பதையெல்லாம் மூடத்தனம் என்று ஒதுக்கும் பேச்சு எனக்குப் பிடிக்காது. பூண்டுக் குழம்பு, முருங்கைக்கீரை, சுறாப்புட்டு, கருவாடு எல்லாம் நல்ல சாப்பாடுதான். வயிறு பெருத்துவிடும் என்று தாகத்துக்குத் தண்ணீர் தராமல் அளந்து ஊற்றுவதும், நாற்பது நாள் தாண்டியும் நடக்க விடாமல் வைத்திருப்பதும், தளரத் தளர நெய் விட்ட லேகியத்தைக் காலையும் மாலையும் உருட்டிக் கொடுப்பதும்தான் தொல்லை. பிறந்த குழந்தையின் நாக்கில் சர்க்கரைத் தண்ணீரோ தேனோ தொட்டு வைப்பதும் அப்படித்தான். முதல் ஆறு மாதம் வெயில் காலத்திலும் குழந்தைக்குத் தண்ணீர்கூட வேண்டாம், தாய்ப்பாலிலேயே தேவையான நீர் இருக்கிறது.

முன்பெல்லாம் திண்ணையில் இவற்றைப் பேசும்போது பெரியவர்கள் இல்லாத நேரமாகப் பார்த்துப் பேசுவோம். மே மாதம் முதல் அவர்களையும் உட்காரச் சொல்கிறோம். ஒரு பாட்டி, பேரன் இரவெல்லாம் அழுகிறான், மருமகளுக்குப் பால் இல்லை என்று வந்து உட்கார்ந்தார். செவிலியர் குழந்தையைத் துணித் தொட்டிலோடு தராசில் தொங்கவிட்டார். ஒரு மாதத்தில் 800 கிராம் ஏறியிருந்தது. அட்டையில் புள்ளி வைத்து, முந்தைய புள்ளியோடு கோடு இழுத்துக் காட்டினார். பாட்டி அந்தக் கோட்டை விரலால் இரண்டு முறை தடவிப் பார்த்துவிட்டு, "எங்க காலத்துல இப்படிக் காட்டியிருந்தா என் பெரியவனுக்கு நான் புட்டி வெச்சிருக்க மாட்டேன்" என்றார். அதற்குப் பிறகு திண்ணையில் அவர் சொன்னது போல வேறு யார் சொல்லியும் மற்ற மாமியார்கள் கேட்டதில்லை. இளம் தாய்க்கு இளம் தாய் துணை என்பது போலவே மாமியாருக்கு மாமியாரும் துணை என்பதை அந்தப் பாட்டியிடம்தான் கற்றேன்.

3 ஆகஸ்ட் 2024

தாய்ப்பால் வாரம் நடக்கிறது. பேரணி, பதாகை எல்லாம் நல்லவைதான். ஆனால் டாக்காவில் செய்ததைப் போல யாராவது இங்கே செய்ய மாட்டார்களா என்று ஏங்குகிறேன். அங்கே அதே பகுதியில் வாழும் சாதாரணத் தாய்மாருக்குப் பத்து நாள் பயிற்சி கொடுத்து, ஒவ்வொரு கர்ப்பிணி வீட்டுக்கும் பிரசவத்துக்கு முன்பிருந்து குழந்தைக்கு ஐந்து மாதம் ஆகும்வரை மொத்தம் 15 முறை அனுப்பினார்கள். ஐந்தாம் மாதத்தில் தாய்ப்பால் மட்டுமே கொடுத்தவர்கள், தோழி போன வீடுகளில் நூற்றுக்கு 70 பேர். போகாத வீடுகளில் நூற்றுக்கு 6 பேர். 2000ஆம் ஆண்டு வெளியான முடிவு இது. பணமும் கருவியும் கேட்காத வேலை. கேட்பது பதினைந்து முறை நடந்துபோகும் கால்களை மட்டும்.

ஜூலை எட்டாம் தேதிக் குறிப்பில் ஒன்றை விட்டுவிட்டேன். தோழியின் துணைக்கு ஓர் எல்லை உண்டு. அதை ஒளிக்கக் கூடாது. மார்பு சிவந்து காய்ச்சல் வந்தாலும், குழந்தை பால் குடிக்க எழாமல் துவண்டு கிடந்தாலும், சிறுநீர் குறைந்தாலும் திண்ணைக்கு வர வேண்டாம், நேரே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் அழுகையும் தூக்கமின்மையும் நீடித்து, குழந்தையின் முகத்தைப் பார்க்கவே மனம் வராமல் இருந்தாலும் அப்படியே. சென்ற ஆண்டு ஒருத்தியின் காய்ச்சலை ஒற்றடத்தால் தீர்த்துவிடலாம் என்று இரண்டு நாள் காத்திருந்தோம். சீழ் கட்டி, கீறி எடுக்க வேண்டியதாயிற்று. அதிலிருந்து, காய்ச்சல் என்ற சொல் காதில் விழுந்தால் பேச்சை நிறுத்திவிட்டு ஆட்டோ கூப்பிடுகிறோம்.

இன்னொன்று. எவ்வளவு முயன்றும் பால் போதாமல் போகும் தாய்மார் உண்மையிலேயே இருக்கிறார்கள். எண்ணிக்கையில் குறைவு, ஆனால் இருக்கிறார்கள். அவர்களுக்கும் அதே திண்ணையில் இடம் உண்டு. பவுடர் பாலைச் சரியான அளவில் எப்படிக் கரைப்பது, பாலாடை என்னும் சங்கு போன்ற சிறு கிண்ணத்தால் எப்படிப் புகட்டுவது என்று சொல்லிக் கொடுக்கிறோம்.

8 ஆகஸ்ட் 2024

உங்களுடைய முதல் கேள்விக்கு என் இப்போதைய பதில்: ஒரே குழுவாகவே இருக்கட்டும். ஆனால் தாயின் எடை அவளுக்குச் சொந்தமானது. அவளாகச் சொன்னால் ஒழிய யாரும் கேட்கக் கூடாது, எழுதக் கூடாது, இன்னொருத்தியோடு ஒப்பிடக் கூடாது. நாங்கள் இப்போது எடைக்காகச் செய்வது ஒன்றுதான். ஒன்றரை மாதம் தாண்டியவர்கள், அறுவை செய்துகொண்டவர்களானால் மருத்துவரைக் கேட்ட பிறகு, மாலை ஐந்தரைக்கு வாய்க்கால் கரையில் பாலம் வரை நடந்துவிட்டுத் திரும்புகிறோம். பாட்டிமார் இருவர் அந்த நேரத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறார்கள். சர்க்கரை வந்திருந்த பெண்ணை அவள் மாமியாரே கூட்டிக்கொண்டு வருகிறார்.

டிசம்பரில் தொடங்கிய நோட்டால் பட்டினி கிடந்து அழுதாளே, அவள் நேற்று ஒன்பதாம் மாத ஊசிக்காகக் குழந்தையோடு வந்திருந்தாள். திண்ணையில் ஓர் ஓரமாக, அறுவை செய்துகொண்டு ஒன்றரை மாதம் ஆன, நல்ல பருமனான பெண் ஒருத்தி முந்தானைக்குள் குழந்தையோடு போராடிக்கொண்டிருந்தாள். நான் எழுவதற்குள் இவள் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, தன் பையை மடித்து அந்தப் பெண்ணின் இடுப்போரம் வைத்து, குழந்தையின் கால்களைப் பின்பக்கம் திருப்பி விட்டாள். இருவரும் ஏதோ மெல்லப் பேசிச் சிரித்தார்கள்.

கிளம்பும்போது, கதவுக்குப் பின்னால் இருக்கும், பெரியவர்களுக்கான தராசைத் தானாகவே இழுத்துப் போட்டு ஏறி நின்றாள். குனிந்து முள்ளைப் பார்த்தாள். இறங்கிச் செருப்பை மாட்டிக்கொண்டு, குழந்தையை இடுப்பில் வைத்து, "வர்றேன் அக்கா" என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் எதுவும் கேட்கவில்லை.